ஃபோம் போர்விமானத்துக்கு எவ்வளவு மோட்டார் போதும்?

ஃபோமில் செய்த மஸ்டாங்கையோ ஸ்பிட்ஃபயரையோ வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, ‘இதைவிடப் பெரிய மோட்டார் போடலாமா?’ என்பதுதான். போடலாம்; மூக்குக்குள் இடம் இருக்கிறது, பிரஷ்லெஸ் மோட்டாரின் விலையும் முன்போல் இல்லை. ஆனால் என் கட்சி வேறு. எப்படிப் பறக்கவிடப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கேற்ற ப்ரொப்பெல்லரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைச் சுற்றத் தேவையான மோட்டாரைக் கடைசியில்தான் வாங்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் கைக்கு வருவது போர்விமானம் அல்ல, போர்விமானத்தின் வண்ணம் பூசிய பந்தய விமானம்.

பி-51டி மஸ்டாங்கையே எடுத்துக்கொள்வோம். அசலின் இறக்கை நீளம் 11.28 மீட்டர், உச்ச வேகம் மணிக்குச் சுமார் 703 கிலோமீட்டர். 1.2 மீட்டர் இறக்கையுள்ள மாதிரி அதில் 9.4-இல் ஒரு பங்கு. வேகத்தையும் அதே கணக்கில் வகுத்தால் 75 கிலோமீட்டர் வருகிறது. இயற்பியல் தெரிந்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள்: வேகத்தை அளவின் வர்க்கமூலத்தால் வகுப்பதே முறை, அப்படிப் பார்த்தால் 229 அல்லவா வரும்? கணக்கு சரிதான். ஆனால் அதே விதிப்படி மாதிரியின் எடை ஐந்து கிலோவாக இருக்க வேண்டும். நம் ஃபோம் விமானம் 1.4 கிலோதான். அந்த எடைக்கு, சுமார் 24 சதுர டெசிமீட்டர் இறக்கைப் பரப்பில், ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) மணிக்கு 33 கிலோமீட்டரை ஒட்டி நிற்கும். அதோடு, தரையில் நிற்பவர் கண் வேகத்தைக் கிலோமீட்டரில் அளப்பதில்லை. விமானம் தன் உடல் நீளத்தைப் போல் எத்தனை மடங்கு தூரத்தை ஒரு நொடியில் கடக்கிறது என்றுதான் பார்க்கிறது. அந்தக் கண்ணுக்கு 75-லிருந்து 90 வரை போதும். 150-இல் போகும் மஸ்டாங் ஈ பறப்பதுபோல்தான் தெரியும்.

இப்போது ப்ரொப்பெல்லருக்கு வருவோம். மோட்டாரின் கே.வி. என்பது சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. மூன்று செல் லைப்போ பேட்டரியின் பெயரளவு மின்னழுத்தம் 11.1, சுமையில் 10.5 என்று வையுங்கள். 900 கே.வி. மோட்டார் காகிதத்தில் 9,450 சுற்றுகள் தரும். ப்ரொப்பெல்லர் மாட்டியபின் அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், அதாவது 7,400 அளவில் நிற்கும். பிட்ச் என்பது ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம். சுற்றை பிட்ச் அங்குலத்தால் பெருக்கி, 0.001524-ஆல் மீண்டும் பெருக்கினால் பிட்ச் வேகம் கிலோமீட்டரில் கிடைக்கும். எட்டு அங்குல பிட்ச் என்றால் ஏறக்குறைய 90. இது ஸ்டால் வேகத்தைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல். நான் தேடுவது இந்த விகிதத்தைத்தான். 11×8 (விட்டம் 11, பிட்ச் 8 அங்குலம்) ப்ரொப்பெல்லரோடு இந்த ஏற்பாடு 260, 270 வாட் இழுத்து, விமானத்தின் எடைக்குச் சற்றுக் குறைவான உந்துவிசை தரும். கிலோவுக்கு 250 வாட் என்பது போர்விமான மாதிரிகளுக்கு நான் வைத்திருக்கும் உச்ச வரம்பு. அசல் மஸ்டாங்கில் 1,490 குதிரைத்திறன் 4,175 கிலோவைத் தூக்கியது; கணக்குப் போட்டால் கிலோவுக்கு 266 வாட். அது ப்ரொப்பெல்லரில் தொங்கிக்கொண்டு செங்குத்தாக ஏறிக்கொண்டே போன விமானம் அல்ல. நம்முடையது மட்டும் ஏன் ஏற வேண்டும்?

விட்டத்தையும் கவனியுங்கள். அசலின் ப்ரொப்பெல்லர் 3.4 மீட்டர், நம் அளவில் 14 அங்குலம். கோர்சேருக்கோ நான்கு மீட்டருக்கும் மேல். அதைத் தரையில் இடிக்காமல் சுற்றவைக்கத்தான் அதன் இறக்கையையே கீழே வளைத்தார்கள். ஒரே வாட்டில் பெரிய ப்ரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றினால், சிறியது வேகமாகச் சுற்றுவதைவிட அதிக உந்துவிசை கிடைக்கும். ஆகவே கே.வி. குறைந்த மோட்டார், சக்கரம் அனுமதிக்கும் அளவுக்குப் பெரிய ப்ரொப்பெல்லர். ஓசையும் அப்போதுதான் போர்விமானத்துக்கு நெருங்கி வரும், கே.வி. கூடிய மோட்டாரில் சிறிய ப்ரொப்பெல்லர் எழுப்பும் கீச்சொலி எனக்குப் பிடிப்பதில்லை.

‘சக்தி கூடுதலாக இருந்தால் என்ன கெட்டுப்போகும்? த்ராட்டிலைக் குறைத்துக்கொள்ளலாமே’ என்பார்கள். நியாயமாகத் தோன்றும் வாதம்தான். ஆனால் த்ராட்டிலைக் குறைத்தால் வாட் குறையுமே தவிர எடை குறையாது. பெரிய மோட்டார், அதற்கு ஈடான வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அதற்குத் தீனி போட பெரிய பேட்டரி என்று 300 கிராம் கூடினால் ஸ்டால் வேகம் பத்து விழுக்காடு ஏறும். 60 டிகிரி சாய்த்துத் திரும்பும்போது அது இன்னும் 1.4 மடங்காகும். குருவி தலையில் பனங்காய். இன்னொன்று முறுக்குவிசை. இறங்க வந்த விமானம் மெதுவாகத் தவழும்போது பதறிப்போய்த் த்ராட்டிலை முழுவதும் தள்ளினால், ப்ரொப்பெல்லர் ஒரு பக்கம் சுற்ற, உடல் எதிர்ப்பக்கம் புரளும். இடது இறக்கை விழும். அசல் மஸ்டாங் விமானிகளுக்கே இந்த எச்சரிக்கை இருந்தது. (கிரிஃபன் எஞ்சின் பூட்டிய ஸ்பிட்ஃபயர்களின் ப்ரொப்பெல்லர் எதிர்த்திசையில் சுற்றியதால், பழைய மெர்லின் எஞ்சினில் பழகிய கால்களுக்கு ஓடுதளத்தில் எல்லாமே தலைகீழாக இருந்தது.) காப்பாற்றும் என்று நம்பிப் போட்ட சக்தியே அந்த நொடியில் கவிழ்க்கிறது.

சரி, வேகமான தாழ்வுப் பாய்ச்சல் வேண்டாமா? வேண்டும். அதை மோட்டாரிடம் கேட்காதீர்கள், உயரத்திடம் கேளுங்கள். காற்றுத்தடையை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. 90-லிருந்து 110-க்குப் போகவே ஏறக்குறைய இரு மடங்கு வாட் வேண்டும். ஆனால் 60 கிலோமீட்டரில் போகும் விமானம் 40 மீட்டர் கீழே பாய்ந்தால், தடையைக் கழித்தபின்னும் 100-ஐத் தொட்டுவிடும், செலவே இல்லாமல். அந்த வேகத்தோடு பெரிய வளையம் போடுங்கள், மெதுவாக உருண்டு உயரத்தைத் திரும்பப் பெறுங்கள். அசல் விமானிகளின் வழியும் இதுதான். இரண்டாம் உலகப் போரில் சீனாவிலும் பர்மாவிலும் அமெரிக்கத் தளபதி செனால்ட்டின் பி-40 விமானிகள் ஜப்பானிய விமானங்களோடு வட்டமிட்டுச் சண்டையிடாமல், மேலிருந்து பாய்ந்து சுட்டுவிட்டு விலகினார்கள். ஜப்பானின் ஜீரோவோ 940 குதிரைத்திறனில் எல்லோரையும் திணறடித்தது, எடையைக் குறைத்ததால். இறுக்கமான திருப்பங்கள் பிடிக்கும் என்றால் மஸ்டாங்குக்குப் பெரிய மோட்டார் தேடாமல் ஜீரோ மாதிரியை வாங்குங்கள்.

ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்கிறேன். ஜீரோ, தண்டர்போல்ட் போன்ற குட்டை மூக்குகளில் சமநிலைக்காக ஈயம் வைக்க வேண்டியிருக்கும். அங்கே ஈயத்துக்குப் பதில் கனமான, கே.வி. குறைந்த மோட்டார் வைப்பது புத்திசாலித்தனம். புல்தரையில் இருந்து எழுவதற்கும் உந்துவிசை தேவைதான். அதைப் பெரிய விட்டமே தரும். எலிவேட்டரை மேலே பிடித்து, த்ராட்டிலைப் படிப்படியாக ஏற்றி, கொஞ்சம் வலது ரடர் கொடுத்தால் மூக்கு குத்தாது. காற்றடிக்கும் நாளுக்கும் 90 கிலோமீட்டர் பிட்ச் வேகம் போதும். 20 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் அது திணறாது. இறங்கும்போது த்ராட்டிலை முழுக்க அணைத்துவிடாதீர்கள். சும்மா சுழலும் மூன்று இலை ப்ரொப்பெல்லர் தடுப்பானாக மாறி வேகத்தைத் தின்றுவிடும்.

மோட்டாரின் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பி வாங்க வேண்டாம். சிலர் வெளிக்கூட்டின் அளவைப் பெயராக வைக்கிறார்கள், சிலர் உள்ளே இருக்கும் ஸ்டேட்டரின் அளவை. எடையையும் கே.வி.யையும் ஒப்பிடுங்கள். அதே மோட்டார், அதே ப்ரொப்பெல்லரோடு மூன்று செல்லிலிருந்து நான்கு செல்லுக்குத் தாவினால் வாட் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கூடுவதில்லை, இரு மடங்கை எட்டுகிறது. மோட்டார் கருகுவதற்கு அது போதும். ப்ரொப்பெல்லர் மாற்றும் ஒவ்வொரு முறையும் விமானத்தை இறுகக் கட்டிவைத்து, முழுத் த்ராட்டிலில் வாட் மீட்டரால் சில நொடிகள் அளந்து பாருங்கள். மின்னோட்டம் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் வரம்பில் எண்பது விழுக்காட்டைத் தாண்டினால், பிட்ச்சில் ஓர் அங்குலம் குறைந்த ப்ரொப்பெல்லரை மாட்டிவிட்டு மறுபடி அளங்கள்.