பாதிக் கண்மாய் மூடினால் மீதி எத்தனை நாள்?

மதுரையில் வைகையிலும் வண்டியூர், செல்லூர் கண்மாய்களிலும் ஆகாயத்தாமரை மண்டுவதும், இயந்திரம் இறக்கி அள்ளுவதும், மறுபடி மண்டுவதும் பழகிப்போன காட்சி. ஏன் இப்படி என்பதற்குப் பள்ளிக்கூடப் புதிர் ஒன்று விடை சொல்லும். குளத்துச் செடி நாள்தோறும் இரட்டிக்கிறது. 30ஆம் நாள் குளம் முழுக்க மூடுகிறது. பாதி மூடியது என்றைக்கு? 29ஆம் நாள்.

நம்பிக்கை: பாதி மூட ஆறு மாதம் ஆனது; மீதிக்கும் ஆறு மாதம் ஆகும்.

உண்மை: மீதிக்கு ஒரே ஓர் இரட்டிப்பு போதும். சத்து மிகுந்த, வெதுவெதுப்பான நீரில் ஆகாயத்தாமரை சுமார் இரண்டு வாரத்தில் இரட்டிக்கும். புதிர்க் குளத்தில் 25ஆம் நாள் மூடியிருப்பது 32இல் ஒரு பங்குதான்; யார் கண்ணிலும் படாது. ஐந்தே நாளில் குளமே தெரியாது.

நம்பிக்கை: பெரிய கண்மாய் தாங்கிக்கொள்ளும்.

உண்மை: கண்மாய் இரண்டு மடங்கு பெரிதானால் கூடுதலாகக் கிடைப்பது இன்னோர் இரட்டிப்புக்கான அவகாசம் மட்டுமே. அதாவது இரண்டு வாரம்.

நம்பிக்கை: 99 சதவீதம் அள்ளிவிட்டால் வேலை முடிந்தது.

உண்மை: மிஞ்சிய 1 சதவீதம் 2, 4, 8, 16, 32, 64 என்று பெருகி, ஏழாவது இரட்டிப்பில் 100ஐத் தாண்டும். அதற்கு 14 வாரம் போதும். துண்டாகி மிதக்கும் ஓடுதண்டிலிருந்தும் செடி முளைக்கும். சேற்றில் புதைந்த விதை பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.

நம்பிக்கை: இது இயற்கையின் வேகம், நாம் செய்ய ஒன்றுமில்லை.

உண்மை: வேகத்தைக் கொடுப்பதே நாம்தான். சாக்கடையோடு வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் செடிக்கு உரம். அவை குறைந்தால் இரட்டிக்கும் காலம் நீளும். இச்செடியின் தாயகமான தென்னமெரிக்காவில் இதைத் தின்று வாழும் கூன்வண்டுகளை 1980களில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பெங்களூரு ஏரிகள் சிலவற்றில் அவை பலன் தந்தன. ஆனால் அதற்கு ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும்.

ஆகவே, கரையோரம் ஒரு கொத்து தெரியும்போதே அகற்றச் சொல்லுங்கள். அள்ளி முடித்த பிறகும் மாதம் ஒருமுறை மிச்சத்தைப் பொறுக்க ஆள் வேண்டும் என்று கேளுங்கள். வரத்துக்காலில் சாக்கடை கலப்பதைத் தடுக்காமல் அள்ளிக்கொண்டே இருந்தால், கணக்கு என்றும் செடியின் பக்கம்தான்.