தன்னை வளர்த்தலும் பிறருக்கு உதவுதலும்

"முதலில் நீ படித்து முன்னேறு, பிறகு ஊருக்கு உதவலாம்." உயர்தரத்தில் கற்கும் எங்களுக்கு இது பழகிப்போன அறிவுரை. இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பது போலத்தான் அது ஒலிக்கிறது. அறிஞர் சித்திலெப்பையின் வாழ்க்கையை வாசித்தபோது எனக்கு அதில் ஐயம் எழுந்தது.

1838இல் கண்டியில் பிறந்த அவர் அரபு, தமிழ், ஆங்கிலம் கற்றுச் சட்டத்தரணியானார். 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியது 1882இல். அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. "பார்த்தாயா, முதலில் தன்னைத்தானே வளர்த்தார்" என்று சிலர் சொல்லக்கூடும். சரிதான். ஆனால் அந்தக் கல்வி நீதிமன்றத்தோடு நின்றிருந்தால் இன்று அவரை யார் நினைப்பார்?

பசித்தவருக்குச் சோறு கொடுக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. பாடசாலை வேண்டுமென்றோ எவரும் அவரிடம் கேட்டு வரவில்லை. ஆங்கிலக் கல்வியை அஞ்சி ஒதுங்கியிருந்த சமூகத்திலிருந்து எதிர்ப்புத்தான் வந்தது. கேட்கப்படாத அந்தத் தேவையைக் காண, கற்ற கண் வேண்டியிருந்தது. அவருடைய உதவியின் பெறுமதி இதில்தான் இருக்கிறது என்பேன்.

கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை அமைத்தார். அங்கே கற்பிக்க முன்வந்தவர் அவருடைய சகோதரி. அவரும் எழுத்தறியாதவராக இருந்திருந்தால், சித்திலெப்பையின் நல்லெண்ணம் வகுப்பறை வாசலிலேயே நின்றிருக்கும். நான் வாசித்தவற்றில் அந்தப் பெண்மணிக்கு ஓரிரு வரிகளே கிடைத்தன.