தோல் கழிவு கலந்த மண்ணில் நெல் சாகுபடி

பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பல்லாண்டுகள் பாய்ந்ததால், பல வயல்களில் உப்பும் குரோமியமும் சேர்ந்துள்ளன. 1996-ல் உச்ச நீதிமன்றம் இம்மாசு குறித்துத் தீர்ப்பளித்தது. ஆயினும் மண்ணில் தங்கிய குரோமியம் தானாக அழிவதில்லை. அது அரிசிக்கு ஏறாமல் தடுப்பதே விவசாயிகள் செய்யக்கூடியது.

குரோமியம் மண்ணில் இரு வடிவில் உள்ளது. ஒன்று நீரில் கரைந்து வேருக்குள் ஏறும், நச்சு மிகுந்தது. மற்றது மண்ணோடு ஒட்டி நிற்கும். மட்கிய எரு முன்னதைப் பின்னதாக மாற்ற உதவுகிறது. எனவே ஏக்கருக்கு 5 டன் மட்கிய தொழு எரு இட்டு உழவேண்டும். தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவதும் நன்று.

நிலம் களராக இருந்தால், மண் ஆய்வில் கூறும் அளவு ஜிப்சம் இட்டு, நல்ல நீரைக் கட்டி வடிக்கவேண்டும். களர் நிலத்திற்குச் சுண்ணாம்பு ஏற்றதன்று.

வேர் உட்பூசணம் நெல் வேருக்குள் வாழ்ந்து மணிச்சத்தை எடுத்துத் தருகிறது. உலோகத்தில் ஒரு பகுதியை வேரிலேயே நிறுத்துகிறது. நீர் தேங்கினால் இப்பூசணம் நன்கு பரவாது. ஆகவே மாசற்ற மண்ணில் புழுதி நாற்றங்கால் அமைத்து, சதுர மீட்டருக்கு 100 கிராம் வீதம் விதைக்குக் கீழே 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் இடவேண்டும். அங்கு மணிச்சத்து உரத்தை அளவுக்கு மீறி இடலாகாது.

இம்முறைகள் குரோமியத்தை அடக்கி வைக்குமேயன்றி அகற்றா. கழிவுநீர் மீண்டும் பாய்ந்தால் செலவு வீணாகும். அறுவடையானதும் அரிசியை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, பாதுகாப்பானது எனத் தெரிந்த பின்னரே வீட்டிற்கும் விற்பனைக்கும் எடுக்கவேண்டும்.