கடன் சுமையும் உழவர் உயிரும்



விவசாயிகளின் தற்கொலையைத் தடுக்க நம் நாட்டில் அரசு எடுத்த முயற்சிகளையும், அவற்றில் நமக்குள்ள பாடத்தையும் இம்மாதம் பார்ப்போம்.

மகாராஷ்டிராவின் விதர்பா மழையை நம்பிப் பருத்தி விளைவிக்கும் பகுதி. மழை பொய்த்தாலும் விலை சரிந்தாலும் விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் தலைமேல் நிற்கும். 2006 ஜூலையில் பிரதமர் மன்மோகன் சிங் அங்கு சென்று, ஆறு மாவட்டங்களுக்கு 3,750 கோடி ரூபாய் நிவாரணத் திட்டம் அறிவித்தார். 2008-இல் நாடு முழுவதும் கடன் தள்ளுபடி வந்தது. இரண்டு ஹெக்டேர், அதாவது சுமார் ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு வங்கி நிலுவை முழுவதும் தள்ளுபடி. அதற்கு மேல் உள்ளவர்கள் 75 சதவீதம் கட்டினால் 25 சதவீதம் தள்ளுபடி.

பலர் பயனடைந்தனர். ஆனால் விதர்பாவில் ஐந்து ஏக்கருக்கு மேல் மானாவாரி நிலம் இருந்தும் வறுமையில் வாடியவர்களுக்கு முழுப் பலன் கிட்டவில்லை. வட்டிக்காரரிடம் வாங்கிய கடனை அத்திட்டம் தொடவேயில்லை.

பணம் மட்டும் போதாது என்பதும் பின்னர் புரிந்தது. மகாராஷ்டிரா அரசு ஆஷா பணியாளர்களை வீடு வீடாக அனுப்பி, மனச்சோர்வில் இருப்பவர்களைக் கண்டறிந்து ஆலோசனைக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. 2022 முதல் மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416 செயல்படுகிறது. தமிழிலும் பேசலாம்.

அரசின் கணக்கில் வராத கடனும், வெளியே சொல்லாத வேதனையும் உறவினருக்கும் மஹல்லாவுக்கும்தான் தெரியும். தற்கொலை ஹராம் என்று சொல்வதோடு நம் கடமை முடியாது. சிரமத்தில் உள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுக்கவும், இயன்றால் விட்டுக்கொடுக்கவும் அல்பகரா 280-ஆம் வசனம் வழிகாட்டுகிறது. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் கடன்பட்டோரும் உள்ளனர் (அத்தவ்பா 60).

எனவே நாம் செய்ய வேண்டியவை:

1. கடனைக் குடும்பத்தாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்பவர் பழிக்காமல் கேளுங்கள்.

2. கடன் கொடுத்தவர் நாலு பேர் முன் அவமானப்படுத்தித் திருப்பிக் கேட்க வேண்டாம்.

3. ஜகாத் கணக்கிடும்போது கடனில் தவிக்கும் உழவரையும் நினைவில் கொள்ளுங்கள்.

4. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். வைக்க நேர்ந்தால் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள்.

5. ஒருவர் வாழ்வே வெறுத்துப் பேசினால் தனியே விடாதீர்கள். உடனிருந்து 14416-க்கு அழையுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

6. இழந்த குடும்பத்தாரிடம் காரணம் துருவாமல், அவர்களின் அடுப்பெரிகிறதா, பிள்ளைகள் பள்ளி செல்கிறார்களா என்று பாருங்கள்.

கடனின் பாரத்திலிருந்தும் கவலையிலிருந்தும் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.