சீதனக் காணியும் விதை வெங்காயமும்

வலிகாமத்துச் செம்மண்ணில் கமக்காரர் வீட்டில் வளர்ந்த பெண் எத்தனை தொழில் அறிந்தவள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆண்கள் துலா மிதித்து இறைக்க, அவள் பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டினாள், பூவரசங்குழை தாழ்த்தினாள், களை பிடுங்கினாள், விதை வெங்காயத்தைப் பிடியாகக் கட்டித் தொங்கவிட்டுக் காத்தாள். 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது நம் தோட்டங்கள் செழித்தன. அதில் அவளுடைய உழைப்பும் உண்டு. ஆயினும் கமக்காரன் என்ற பெயர் ஆணுக்கே இருந்தது.

1990இலும் 1995 ஒக்டோபரிலும் ஊரை விட்டு வெளியேறியபோது காணியைத் தூக்கிவர முடியவில்லை. ஆனால் அவளுடைய அறிவும் உரிமையும் கூடவே வந்தன.

உரிமை எது? சீதனமாகக் கிடைத்த காணி தேசவழமைப்படி மனைவியின் சொத்து. கணவன் தனியே அதை விற்க முடியாது. அவள் விற்பதற்கோ ஈடு வைப்பதற்கோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என 1911ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால், அல்லது அவர் நியாயமின்றி மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கவும் அதே சட்டம் வழிவிட்டது. கணவன் காணாமற்போன குடும்பங்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

வலிகாமம் வடக்கில் காணிகள் 2009இன் பின் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. அப்போது முதலில் தேவைப்பட்டது உறுதி. அது தொலைந்திருந்தால், பதிவான உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் பெறலாம்.

கலந்துரையாடுவோம்:
1. நம் காணி உறுதி யார் பெயரில் உள்ளது? பிள்ளைகளுக்குத் தெரியுமா?
2. விதை காக்கும் முறையை நம் தாய்மாரிடம் யார் கேட்டுப் பழகுகிறார்கள்?
3. தோட்ட வரவு செலவைத் தீர்மானிக்கும்போது பெண்களின் சொல் கேட்கப்படுகிறதா?