இணையவழி மேல்நிலைப் படிப்பு: சேருமுன் ஆராய வேண்டியவை

குன்றத்தூர் என்றவுடன் சேக்கிழார் பிறந்த ஊர் என்பது நம் நினைவிற்கு வரும். இன்று அவ்வூர்ச் சாலையில் விடியற்காலையிலும் நள்ளிரவிலும் செல்லும் தொழிற்சாலைப் பேருந்துகளைக் காண்போர்க்கு வேறொரு நினைவும் எழும். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர் ஆலைகளை நோக்கிச் செல்லும் இளைஞர்களுள் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியோரும் உளர். மாதச் சம்பளம் கைக்கு வரும்போது படிப்பு விட்டுப்போனது பெரிதாகத் தோன்றுவதில்லை. ஆயினும், திருப்பெரும்புதூரில் 2006-ஆம் ஆண்டு கைபேசி உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆலை மூடப்பட்டபின் வேறு வேலை தேடிப் புறப்பட்டவர்களிடம் முதலில் கேட்கப்பட்டது, என்ன படித்திருக்கிறீர்கள் என்பதே அன்றோ?

ஷிப்டு வேலைக்குச் செல்பவர் காலை ஒன்பது மணிப் பள்ளிக்குச் செல்ல இயலாது. ஆதலின், வீட்டிலிருந்தே இணையத்தின் வாயிலாகப் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பில் தேறிக் கல்லூரியில் சேரலாம் என்ற செய்தி அவருக்கு நல்ல செய்தியே. ஆனால் "ஆறே மாதத்தில் பிளஸ் டூ" என்று கைபேசியில் வரும் விளம்பரங்கள் எல்லாவற்றையும் நம்பிப் பணம் கட்டிவிடலாகாது. விதை வாங்கச் செல்லும் விவசாயி, மூட்டையின் மேலுள்ள படத்தைப் பார்த்தா வாங்குகிறார்? சான்று அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார். பள்ளி விஷயத்திலும் முதலில் பார்க்க வேண்டியது சான்றிதழை வழங்குவது யார் என்பதே.

இங்கு ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். பாடம் நடத்துவது வேறு. தேர்வு நடத்திச் சான்றிதழ் அளிப்பது வேறு. திரையில் பாடம் சொல்லித்தரும் நிலையம் எவ்வளவு சிறந்ததாயினும், அதன் பெயரால் அளிக்கப்படும் தாள் கல்லூரியின் வாயிலில் செல்லாது. அரசின் அங்கீகாரம் பெற்ற கல்வி வாரியத்தின் சான்றிதழே செல்லும். இந்தியப் பள்ளிக் கல்வி வாரியங்களின் மன்றத்தில் அவ்வாரியம் உறுப்பினரா என்று பார்த்தல் ஒரு வழி. வெளிநாட்டு வாரியமாயின், அது இந்தியாவில் இணையானதாக ஏற்கப்படுகிறதா என்று பார்த்தல் வேண்டும்.

தொலைவிலிருந்து பள்ளிக் கல்வி பெறுதல் புதிய கருத்தன்று. ஆஸ்திரேலியாவில், அண்டை வீட்டிற்கே பல மைல் செல்ல வேண்டிய கால்நடைப் பண்ணைகளின் பிள்ளைகளுக்காக 1951-ஆம் ஆண்டிலேயே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து வானொலிப் பள்ளி தொடங்கப்பட்டது. நம் நாட்டில் 1979-ல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் ஒரு திட்டமாகத் தோன்றிய திறந்தநிலைப் பள்ளி, 1989-ல் தனி நிறுவனமாயிற்று. 2002 முதல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என வழங்கப்படுகிறது. 2021 ஆகஸ்டில் அது இணையவழிப் பள்ளியையும் தொடங்கிற்று. மேல்நிலை வகுப்பில் சேரக் குறைந்தது 15 வயது நிறைந்திருத்தல் வேண்டும்; மேல் வரம்பு இல்லை. ஐந்து பாடங்களில் தேற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே முறையில் எழுத வேண்டுவதில்லை; பதிவு செய்த ஐந்தாண்டிற்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. ஆண்டிற்கு இருமுறை பொதுத்தேர்வு நடைபெறுகிறது. ஷிப்டு வேலைக்காரருக்கு இதைவிட இசைவான ஏற்பாடு வேறென்ன? எனினும் பத்தாம் வகுப்பு தேறி இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் முழுமை பெறும். சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு தேறிய பையனுக்கு ஆறு மாதத்தில் பிளஸ் டூ என்று எவரேனும் உறுதி கூறினால் அவரை ஐயுறுதல் நன்று.

பாடத் தேர்வில்தான் பலர் இடறுகின்றனர். விரும்பிய பாடங்களை எடுத்துக்கொள்ளலாம் என்பதால், எளிதாகத் தேறக்கூடியவை எவை என்று பார்த்துச் சேர்ந்துவிடுகின்றனர். பிறகு பொறியியல் படிக்க ஆசை பிறக்கிறது. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடப்படும் மதிப்பெண்ணே தரவரிசையை முடிவு செய்கிறது. வணிகப் பாடம் படித்தவர்க்கு அவ்வாயில் திறவாது. ஆதலின் எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்பதை முதலில் முடிவு செய்து, அவ்வாண்டின் சேர்க்கைக் குறிப்பேட்டைப் படித்த பின்னரே பாடங்களைக் குறித்தல் வேண்டும். விதிகள் மாறுவதும் உண்டு. திறந்தநிலைப் பள்ளியில் படித்தோர் மருத்துவ நுழைவுத் தேர்விற்குத் தகுதியற்றவர் என்ற விதியை 2018-ல் டெல்லி உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. அறிவியல் பாடங்களுக்குச் செய்முறைப் பயிற்சி உண்டு. அதனைக் கைபேசியில் செய்ய இயலாது. பயிற்சி மையம் குன்றத்தூரிலிருந்து எத்தனை தொலைவு என்பதையும் கேட்டறிக.

இனி, நாம் மிகவும் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை, நுழைவுத் தேர்விற்கு நேரம் கிடைக்கும் என்று எண்ணி, இடையில் நிறுத்தி இணையப் பள்ளியில் சேர்ப்பது பெரும் இழப்பாகும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பயின்றவர்க்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் கல்லூரி மாணவர்க்கு மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. பதினோராம் வகுப்பில் பள்ளியை விட்டுச் சென்ற பிள்ளை இவற்றுக்கான தகுதியை இழக்கிறது. ஏழை விவசாயி வீட்டில் இது சிறு தொகையன்று. இணையப் பாடம் வேண்டுமெனில், பள்ளியில் இருந்துகொண்டே பெறலாம். மணற்கேணி செயலியில் மாநிலப் பாடங்கள் தமிழில் இலவசமாகவே உள்ளன.

பத்தாம் வகுப்பில் ஓரிரு பாடங்களில் தவறியவரும் அவசரப்பட வேண்டுவதில்லை. முதலில் அரசின் துணைத்தேர்வை எழுதட்டும்.

மற்றொரு குழியும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பே வேண்டாம், நேராகப் பட்டம் பெறலாம் என்று கூறுவோர் உளர். பத்து, பன்னிரண்டு, பின்னர் பட்டம் என்ற வரிசையில் வராத திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டங்கள் அரசுப் பணிக்கு ஏற்கப்படா எனத் தமிழக அரசு 2009 ஆகஸ்டில் 107-ஆம் எண் அரசாணை பிறப்பித்தது. கல்லூரியில் இடம் கிடைப்பது ஒன்று, அரசு வேலைக்குத் தகுதி பெறுவது மற்றொன்று. பின்னதை நாடுவோர் பணம் கட்டுமுன்னரே தேர்வாணையத்தின் அறிவிக்கையைப் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

குன்றத்தூர் நகராட்சியாகிவிட்டது. ஆயினும் குன்றத்தூர் ஊராட்சி ஒன்றியத்துச் சிற்றூர்களில் இப்பொறுப்பில் ஒரு பங்கை ஊராட்சி மன்றமே ஏற்கலாம். கடந்த ஐந்தாண்டுகளில் பத்தாம் வகுப்போடு நின்றவர் எத்தனை பேர் என்று வார்டு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தெருவில் கேட்டால் ஒரு வாரத்தில் பட்டியல் ஆயத்தமாகும். ஆகஸ்டு 15-ஆம் நாள் கிராம சபையில் அதனை வைத்து, அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரையும் அழைத்து, துணைத்தேர்வு எழுத வேண்டியவர் யார், திறந்தநிலைப் பள்ளிக்கு உரியவர் யார் என்று பிரித்துக் காணலாம். விண்ணப்பத்தை ஊராட்சிச் சேவை மையத்திலோ நூலகத்திலோ அமர்ந்து, இடைத்தரகர் இன்றி, நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலேயே நிரப்பலாம். இரவு ஷிப்டு முடிந்து வருவோர் படிப்பதற்கு, மாலை வேளையில் ஊராட்சிக் கட்டடத்தின் ஓர் அறையும், ஒரு மின்விளக்கும், இணைய இணைப்பும் ஒதுக்கித் தருவது எந்த ஊராட்சிக்கும் இயலாத செலவன்று.