கம்பம் பள்ளத்தாக்கில் ஃபேட் டயர் இ-பைக்

நாலு அங்குல அகல டயர், ஆயிரம் வாட் மோட்டார் என்று விளம்பரத்தைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். டயர் சரி, அந்த ஆயிரம் வாட் இங்கே வேண்டாம் என்பது என் கட்சி. தேனியிலிருந்து கூடலூர் வரை பெரும்பாலும் சமதளம்தான். வாய்க்கால் கரைக்கும் திராட்சைத் தோட்டத்து மண்பாதைக்கும் பிடிமானம்தான் தேவை, வேகமல்ல.

செய்ய வேண்டியவை

வாங்குமுன் மோட்டாரில் பொறித்திருக்கும் வாட்டைப் பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, திறன் 250 வாட்டுக்குள் இருந்து, 25 கி.மீ. வேகத்தை எட்டினாலோ மிதிப்பதை நிறுத்தினாலோ மோட்டார் ஓய்ந்துவிட்டால், அது சைக்கிள் கணக்கு. 750, 1,000 வாட் என்றால் மோட்டார் வாகனம். பதிவு, இன்சூரன்ஸ், லைசென்ஸ், ஹெல்மெட் எல்லாம் கட்டாயம். அங்கீகாரச் சான்று இல்லாமல் இறக்குமதியான வண்டிக்குப் பதிவு கிடைப்பது குதிரைக்கொம்பு. "நம்பர் பிளேட்டே வேண்டாம் சார்" என்று கடைக்காரர் சொன்னால், அதை பில்லில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.

தார் ரோட்டுக்கு 20 பி.எஸ்.ஐ. அளவும், மணல், சேற்றுக்கு 10-க்குப் பக்கத்திலும் காற்று இருக்கட்டும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள எல்லையை மீறக் கூடாது.

சீமைக் கருவேல முள்ளுக்கு அகல டயரும் ஒன்றுதான், ஒல்லி டயரும் ஒன்றுதான். டியூபுக்குள் சீலன்ட் ஊற்றி வையுங்கள். இந்த அளவு டியூப் எல்லா சைக்கிள் கடையிலும் கிடைக்காது. ஒன்று கைவசம் இருக்கட்டும். பின்சக்கரத்தில் மோட்டார் இருப்பதால், கழற்றும் முன் ஒயர் இணைப்பைப் பிரிக்க வேண்டும் என்று பஞ்சர் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

காற்றைக் கணக்கில் எடுங்கள். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மலை இடுக்கு வழியாகப் பள்ளத்தாக்கில் இறங்கும். தேனியிலிருந்து கம்பம் போகிறவருக்கு முகத்தில் அடிக்கும். திரும்பும்போது முதுகைத் தள்ளும். கம்பத்திலிருந்து கிளம்புகிறவருக்கு எல்லாம் தலைகீழ். போகும்போது சுகமாக இருக்கும், வரும்போது பேட்டரி கரையும். அவர்கள் மூன்றில் ஒரு பங்கு செலவானதுமே திரும்பிவிடுவது நல்லது.

செய்யக்கூடாதவை

மிதிக்காமல், த்ராட்டிலை மட்டும் முறுக்கி போடிமெட்டு ஏறாதீர்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவு, போடியிலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். ஆளும் வண்டியும் சேர்ந்து 110 கிலோ என்றால், ஆயிரம் மீட்டர் உயரத்துக்கே சுமார் 300 வாட்-மணி செலவாகும். மோட்டார் சூடாவது, சாலை உராய்வு எல்லாம் சேர்ந்தால் 400-ஐத் தாண்டலாம். 36 வோல்ட், 10 ஏ.ஹெச். பேட்டரியில் இருப்பதே 360-தான். மெதுவான ஏற்றத்தில் ஹப் மோட்டார் வேறு கொதிக்கும். இறக்கம் இன்னும் மோசம்: பிரேக்கை விடாமல் பிடித்தால் டிஸ்க் சுட்டுப் பிடிப்பு போய்விடும். விட்டு விட்டுப் பிடியுங்கள், இடையில் நிறுத்தி ஆற விடுங்கள்.

மேகமலைப் பக்கம் இருட்டில் போகாதீர்கள். செக்போஸ்ட்டில் சொல்லும் நேரத்தை மீறாதீர்கள். 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். சத்தமில்லாத வண்டி வருவது யானைக்குத் தெரியாது. வளைவில் எதிரெதிரே நிற்க நேர்ந்தால் திடுக்கிடுவது நீங்கள் மட்டுமல்ல. காட்டோரம்தானே என்று அலட்சியமும் வேண்டாம்: 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகருக்குள்ளேயே நடமாடியது.

இரவெல்லாம் வீட்டுக்குள் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். 2022 மார்ச்சில் வேலூரில், சார்ஜில் இருந்த மின்சார பைக் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். வெயிலில் ஓட்டி வந்த பேட்டரி ஆறட்டும். வாசற்படியையும் வெளியேறும் வழியையும் அடைத்து வண்டியை நிறுத்தாதீர்கள்.

முல்லைப் பெரியாற்றில் இறக்கிக் கழுவாதீர்கள். ஈரத் துணி போதும்.

வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றித் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். கழற்றிய நிமிடமே அது சைக்கிள் இல்லை. லைசென்ஸ் எடுக்கும் வயது வராத பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக ஆயிரம் வாட் வண்டி வாங்கித் தரும் பெற்றோரும் இதைத் தெரிந்துகொள்ளட்டும்: மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.